கொண்டுவிக்கப் போனவர்கள், வந்து சேர்ந்தவர்கள்

செட்டிநாட்டுக் கல்யாண விருந்தில் கவுனி அரிசி வைக்காவிட்டால் ஏதோ குறை வைத்த மாதிரி ஆகிவிடும். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் குழைய வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் போட்டுக் கிளறி, கருஞ்சிவப்பாக இலையில் விழுகிற அந்த இனிப்பை 'நம்ம பாரம்பரியம்' என்று சொல்லாத சமையல் வீடியோ கிடையாது. பாரம்பரியம்தான், யார் மறுத்தது? ஆனால் அந்த அரிசி பர்மாவிலிருந்து வந்தது. அங்கே காலைச் சாப்பாட்டுக்கு இதே மாதிரி ஒட்டரிசியை அவித்து எள்ளுப்பொடியும் தேங்காயும் தூவிச் சாப்பிடுகிறார்கள். சர்க்கரையும் நெய்யும் நம்ம கைவரிசை.

அந்த அரிசி தானாக நடந்து வரவில்லை. கடல் தாண்டித் தொழில் செய்ய, செட்டிநாட்டு வழக்கில் 'கொண்டுவிக்க', போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொண்டுவந்தது. திரைகடல் ஓடித் திரவியம் தேடினார்கள் என்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோமே, அந்தக் கதையில் ஒரு பகுதியை மட்டும் யாரும் விரித்துச் சொல்வதில்லை. போன இடத்தில் அவர்கள் வந்தேறிகள். அவர்களை வெறுத்தார்கள், கேலிச்சித்திரம் போட்டார்கள், நிலத்தைப் பிடுங்கினார்கள், கடைசியில் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். இன்றைக்குக் காரைக்குடி டீக்கடையில் 'வடக்கன் வந்து எல்லாத்தையும் பிடிச்சுட்டான்' என்று பேச்சு எழும்போது எனக்கு ரங்கூன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ரங்கூனில் என்னதான் நடந்தது? 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. ஐராவதி டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும், நெல் விளைந்தது பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லாபமான வியாபாரம் ஆயிற்று. மேட்டுப் பர்மாவிலிருந்து விவசாயிகள் இறங்கி வந்து காட்டை அழித்தார்கள். மாடு வாங்க, விதை வாங்க, அறுவடை வரை சாப்பிட, எல்லாவற்றுக்கும் கடன் வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் அந்த விவசாயியை வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள். அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். சொந்தப் பணம், பங்காளி பணம், ஊரில் விதவைகளும் கோயில்களும் போட்டுவைத்த பணம், அப்புறம் அதே பிரிட்டிஷ் வங்கிகளிடம் வாங்கிய கடன், இத்தனையும் சேர்ந்து டெல்டாவுக்குள் இறங்கியது. 1930 வாக்கில் மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், மொத்த முதலீடு சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி! நெல் விளைந்த பரப்பு 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா.

போனவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள் என்று நினைக்க வேண்டாம். கடையில் முதலாளி இருப்பதே அபூர்வம், அவர் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அங்கே கிடந்தது ஏஜெண்டும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாளும் எடுபிடி வேலை பார்த்த பெட்டியடிப் பையனும்தான். மீசை முளைக்காத வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறினால், மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை ஊர் திரும்ப முடியாது. கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் ஆளுக்கொரு பாய், ஒரு கைப்பெட்டி, ஒரு இரும்புப் பெட்டகம். அதற்குப் பின்னால்தான் தூக்கமும் சமையலும். பெண்கள் உடன் போகிற வழக்கம் இல்லை. முகப்பும் பட்டாலையுமாக இழுத்துக்கொண்டு போகிற பெரிய வீடுகளில் வருஷக்கணக்காகப் பெண்களும் கிழவர்களும் மட்டும் இருந்திருக்கிறார்கள் என்பதை அந்த வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

இன்னொன்று, பர்மாவுக்குப் போன இந்தியர்களில் செட்டியார்கள் ஒரு சிறு கூட்டம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர்கள், வயலில் அறுவடைக்கு வந்த தமிழர்கள், ஒடியாக்காரர்கள், வங்காளிகள், இவர்கள்தான் பெருங்கூட்டம். 1931 கணக்குப்படி பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். சொந்த நாட்டுத் தலைநகரத்தில் சிறுபான்மையாக நிற்கிற பர்மியர் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

1930 மே மாதம் வெடித்தது. ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனிகள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை வேலைக்கு எடுத்தன. வேலைநிறுத்தம் முடிந்ததும் பழைய ஆட்களைத் திருப்பிச் சேர்த்துக்கொண்டு, நேற்று எடுத்த பர்மியரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டன. அன்றைக்குத் தொடங்கிய கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் தெலுங்குக் கூலிகள். இரண்டு பக்கத்து ஏழைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய கம்பெனிக்காரன் மேல் ஒரு கல்லும் விழவில்லை.

அடுத்தது நெல் விலை. உலகப் பொருளாதார மந்தத்தில் அது பாதிக்கும் கீழே சரிந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, அடமான நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்தது ஆறு சதவீத நிலம். 1938இல் இருபத்தைந்து சதவீதம், அதாவது சுமார் 25 லட்சம் ஏக்கர். நம்மாட்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: 'எங்களுக்கு வேண்டியது பணம், நிலத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது, வேறு வழியில்லாமல்தான் எடுத்துக்கொண்டோம், உள்ளூர்க் கடன்காரன் எங்களைவிட அதிக வட்டி வாங்கினான்.' இதெல்லாம் பொய்யில்லை, விசாரணைக் குழுவே ஏறக்குறைய இப்படித்தான் எழுதியது. ஆனால் தாத்தா காடு வெட்டித் திருத்திய நிலத்தில் பேரன் குத்தகைக்காரனாக நிற்கும்போது அவனிடம் போய் வட்டி விகித ஒப்பீடு காட்ட முடியுமா? பர்மியர் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு அரசியல் செய்தவர்கள் சரக்கு மூட்டை தூக்கினவனையும் முடி திருத்தினவனையும் பால் கறந்தவனையும் ஒரே கணக்கில் எழுதினார்கள், தப்பு அங்கேதான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனி பிரிட்டிஷ் காலனியாகப் பிரிந்தது. 1938இல் மறுபடி கலவரம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பி ஓடிவந்தார்கள். காசுள்ளவன் கப்பலில், மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்து. வழியில் காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1948இல் நிலம் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. 1964இல் நே வின் ராணுவ ஆட்சி கடைகளை எடுத்துக்கொண்டது, ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின, சில வருஷங்களுக்குள் ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அரிசி ஏற்றுமதியில் முதலிடத்தில் இருந்த நாடு 1987இல் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. இந்தியர்களை விரட்டியதால் மட்டும் அப்படி ஆனது என்று சொன்னால் அது வீம்பு, ராணுவ ஆட்சி கெடுத்தது இன்னும் நிறைய.

1982இல் வந்த குடியுரிமைச் சட்டம் இன்னும் கறாரானது. அரசு ஒத்துக்கொண்ட இனங்கள் நீங்கலாக, 1823க்கு முன்னால் குடியேறியவர்களின் வாரிசுதான் முழுக் குடிமகன், மற்றவர்கள் இரண்டாம் தரம் மூன்றாம் தரம். இந்தச் சட்டத்தைச் சாப்பாட்டுக்கு நீட்டிப் பாருங்கள். இன்றைக்கு யாங்கூன் (பழைய ரங்கூன்) டீக்கடைகளில் காலையில் ஓடுவது பருப்போடு 'பலாட்டா', நம்ம பரோட்டாதான். சமூசாவைப் பிய்த்துப்போட்டுக் கோஸும் வெங்காயமும் புதினாவும் சேர்த்துப் பிசைந்து தருகிறார்கள். தோசையும் உண்டு, பெயர்கூட ஏறக்குறைய அதேதான். அந்த டீக்கடைப் பழக்கமே இந்தியர்கள் போட்ட விதை. ஆளைத் துரத்தின ஊரில் பரோட்டா குடிமகனாகிவிட்டது. செட்டிநாட்டு அடுப்படிக்கு அதே சட்டத்தைப் போட்டால் மிளகாய் வேண்டுமானால் தப்பிக்கும், அது போர்ச்சுக்கீசியர் காலத்திலேயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்துவிட்டது. கவுனி அரிசிக்கு வாய்ப்பே இல்லை.

பினாங்கில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் இருக்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகும். ரதம் வருகிற வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் எக்கச்சக்கமானவர்கள் சீனர்கள். வியாபாரம் செழிக்க, பிள்ளை பிறக்க, நோய் தீர என்று நேர்ந்துகொள்வதில் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமே கிடையாது. யாரும் சபை கூட்டி 'பண்பாட்டுப் பரிமாற்றம்' நடத்தவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வேண்டிக்கொண்டான், பலித்தது, நானும் வேண்டிக்கொள்கிறேன் என்று தொடங்கியிருக்கும். சிங்கப்பூரில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இலிருந்து இருக்கிறது. 1968இல் அரசு தைப்பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, காவடி மட்டும் நிற்கவில்லை. கொழும்பிலோ செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கச் சிங்களவர்களும் தெருவில் நிற்பார்கள். அதே இலங்கைதான் 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அவர்களில் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணி பிடித்துப்போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருப்பது வியட்நாமின் சைகோன். 1975க்குப் பிறகு அங்கே தமிழர்கள் கிட்டத்தட்ட இல்லை என்றே ஆகிவிட்டது. மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியப் பெண்கள் கட்டுக்கட்டாகச் செவ்வந்திப் பூவும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், கருவறைச் சுவரில் கையையும் நெற்றியையும் ஒட்டவைத்துக்கொண்டு வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள். தமிழ் மந்திரம் ஒன்றும் தெரியாது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது தெரியாது, அம்மன் கேட்பாள் என்பது மட்டும் தெரியும். கட்டினவன் போய்விட்டான், கும்பிடுகிறவன் மாறிவிட்டான், கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

இப்போது இந்தப் பக்கம். செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தால் தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, சுவரில் ஜப்பான் ஓடு, கண்ணாடி பெல்ஜியம். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த மங்குச் (பீங்கான்) சாமானும் எனாமல் தூக்கும் ஐரோப்பா. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் பர்மா அரக்குப் பெட்டி இன்னும் கிடைக்கும், விலை கேட்டால்தான் மயக்கம் வரும். பணமாகத் திரும்பியவையும் உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. மலாயா ரப்பரிலும் சம்பாதித்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி கட்டினார், மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

ஆத்தங்குடிக் கல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெளிநாட்டுத் தரைக்கல்லைக் கப்பலில் இறக்கிக் கட்டுப்படியாகாமல், இங்கேயே வார்த்துவிடலாம் என்று தொடங்கிய தொழில் என்று ஊரில் சொல்வார்கள். சிமெண்டில் தரைக்கல் வார்க்கிற யோசனை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுடையது. பட்டறைக்குப் போனால் ஒருவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே சதுரக் கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்துக்கு வளைத்த தகட்டு அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் மொண்டு கட்டம் கட்டமாக ஊற்றுவார், சிவப்பு இங்கே, மஞ்சள் அங்கே, கொஞ்சம்கூடத் தளும்பாது. அச்சை ஒரே மூச்சில் மேலே தூக்குவார், நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை அப்பி, கரண்டியால் மட்டம் செய்து காய வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் ஊறி முடித்து வெயிலில் காயும்போது கண்ணாடி தானாகக் கழன்று வந்துவிடும். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடி எவ்வளவு வழவழப்போ கல்லும் அவ்வளவு வழவழப்பு, நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். வெளிநாட்டு யோசனை, உள்ளூர் மணல், உள்ளூர்க் கை. இதில் எது அசல் செட்டிநாடு என்று பிரித்தெடுக்க முயன்றால் கல் உடைந்துவிடும், அவ்வளவுதான்.

1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு இங்கே மட்டும் என்ன ஆரத்தியா எடுத்தார்கள்? தமிழ் பேசினாலும் அவர்கள் 'பர்மாக்காரர்கள்'. பல ஊர்களில் பர்மா காலனி என்று தனியாக ஒரு மூலை. சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கடைகள் ஒதுக்கினார்கள், அதுதான் பர்மா பஜார். அதன் பக்கத்துத் தெருக்களில் அவர்கள் விற்கத் தொடங்கிய அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப்பும் இன்றைக்குச் சென்னைக்காரனின் சாயங்காலத் தீனி. இங்கே பிழைக்க முடியாமல் மறுபடி பர்மாவுக்கே போக நினைத்து, எல்லையில் மணிப்பூரின் மோரேயில் நின்றுவிட்டவர்கள் அங்கே கோயில் கட்டித் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாடும் வேண்டாம் என்று தள்ளியவர்கள் மூன்றாவதாக ஒரு ஊரைத் தமிழாக்கினார்கள்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், சொல்லிக்கொள்ளும் வரலாற்றின்படியே அவர்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள். இளையாற்றங்குடியில் தொடங்கி ஒன்பது கோயில் என்று அந்தக் குடியேற்றத்தைத்தான் இன்றும் கோத்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். வந்த ஊரில் இருந்தவர்கள் அன்றைக்கு என்ன முணுமுணுத்தார்களோ, கல்வெட்டில் அதெல்லாம் வெட்ட மாட்டார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். காரைக்குடியில் ஹோட்டலில் மேசை துடைப்பவர், பழைய வளவு வீட்டைச் சுற்றுலா விடுதியாகச் செப்பனிடும் சாரத்தில் நிற்பவர், பலரும் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம். 'நம்ம பையன்கள் வேலையைப் பறிச்சுட்டான்' என்கிறார்கள். நம்ம பையன்கள் எங்கே? பாதிப் பேர் சிங்கப்பூரில் இதே சாரத்தின் மேல் பெர்மிட்டில் நிற்கிறார்கள். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் புதுக்கோட்டை மாவட்டத் தொழிலாளி ஒருவர் பஸ் சக்கரத்தில் சிக்கி இறந்து, அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, 50க்கு மேற்பட்டவர்களை நாடு கடத்தியபோது, இணையத்தில் அங்கே சிலர் நம்மைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். இங்கே பீகார்க்காரனைப் பற்றி எழுதுவதும் அதேதான், எழுத்து மட்டும் தமிழ். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பிப் பார்த்தது, தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது, வதந்தி என்று தெரிந்தது. ஆனால் பயந்துபோய் ரயில் ஏறியவர்களுக்கு அது நம்பும்படியாக இருந்ததே, அதற்குத் தினமும் அவர்கள் காதில் விழுந்த பேச்சும் ஒரு காரணம்.

கூலி குறைகிறது என்ற குறையை நான் தட்டிக்கழிக்கவில்லை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் உண்மையிலேயே அடி விழுகிறது. ஆனால் குறைந்த கூலியை முடிவு செய்வது ஒடிசாவிலிருந்து வந்த பையனா? அவனைப் பன்னிரண்டு பேரோடு ஒரு தகரக் கொட்டகையில் படுக்கவைத்து, பேசிய கூலியில் கமிஷன் பிடித்து, உள்ளூர் ஆள் கேட்டால் 'அவன் இதுக்கே வர்றான்' என்று காட்டுகிற காண்ட்ராக்டர்தான் முடிவு செய்கிறார். ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூர்க்காரனுக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல் வெளிமாநிலத்தானுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1979இலேயே சட்டம் வந்தது, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்தது. அந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தியிருந்தால் வெளியாளைக் கூட்டி வருவதில் கிடைக்கும் மலிவு போயிருக்கும், உள்ளூர்ச் சித்தாளுக்கும் கூலி நின்றிருக்கும். ஆனால் அதற்கு ஆபீஸ் ஆபீஸாக மனு போட்டிருக்க வேண்டும், காண்ட்ராக்டரைப் பகைத்துக்கொண்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'வடக்கனை விரட்டு' என்று போட ஒரு விரல் போதும்.